பேனா காய்ந்த இடம்

சந்திராக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய்த் தரையில் உட்காருவார். ஹாலில் நாற்காலி இருக்கிறது, மின்விசிறியும் இருக்கிறது. முதல் ஷிஃப்ட் முடித்து வருகிற உடம்புக்குச் சிமெண்டுத் தரைதான் வேண்டும் என்பார். முதுகை அரிசி டிரம்மில் சாய்த்துக் காலை நீட்டிக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அம்மா டீயைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் பேச்சு.

அவருக்கு நாற்பத்தொரு வயது. வடக்குத்து கிராமத்தில் வீடு. கணவர் ராமலிங்கம் வடலூரில் ஒரு மரக்கடையில் லோடு ஏற்றுகிறார். மகள் தமிழ்மொழி கடலூரில் நர்சிங் படிக்கிறாள். சந்திராக்கா மின்நிலையத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. முதல் எட்டு வருடம் அவருக்கு பெல்ட்டில் வேலை. சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரியைச் சுமந்து வரும் ரப்பர் பட்டையைத்தான் பெல்ட் என்பார்கள். ஓடும்போது அது இரண்டு பக்கமும் சிந்திக்கொண்டே இருக்கும். சிந்தியதை மண்வெட்டியால் அள்ளி மறுபடி மேலே போட வேண்டும். அள்ளிய இடத்தைத் திரும்பிப் பார்த்தால் அங்கே மறுபடி சிந்தியிருக்கும். முடிந்தது என்று ஒருநாளும் சொல்ல முடியாத வேலை. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றால் சோற்றிலும் தூள் கடிபடும் என்பார்.

அதன் பிறகுதான் அவர் என் அப்பா வேலை பார்க்கும் இன்ஸ்ட்ருமெண்ட் பிரிவுக்கு உதவியாளராக வந்தார். பழைய கண்ட்ரோல் ரூம் சுவர் முழுக்க ரெக்கார்டர் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு காகிதச் சுருள், ஒரு பேனா. நீராவியின் சூடு, அழுத்தம், நீர்மட்டம் என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பேனா கோடாக இழுத்துக்கொண்டிருக்கும். சுருள் தீர்ந்தால் புதுசு மாட்டுவது, பேனா காய்ந்தால் மை விடுவது, முடிந்த சுருளில் தேதி எழுதிக் கட்டி வைப்பது சந்திராக்காவின் வேலை. ஏசி ஓடும் அறை, இரவு ஷிஃப்ட் கிடையாது. பெல்ட்டுத் தூளால் வந்த தும்மலும் இருமலும் நின்றன. அந்த அறைக்கு வந்த பிறகுதான் மகளின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்ததாக அவர் ஒருமுறை சொன்னார்.

இந்த வருடம் ரெக்கார்டர்களை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் திரை வைக்கிறார்கள். திரையைப் பார்த்துக் குறிப்பு சொல்ல உதவியாளர்கள் வேண்டும். ஆனால் பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவர்களைத்தான் எடுப்பேன் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு பெல்ட்.

சந்திராக்காவுக்கு எல்லாப் பாடமும் பாஸ், கணக்கைத் தவிர. தனித்தேர்வராக மூன்று தடவை எழுதியாயிற்று. போன தடவை நான்கு மதிப்பெண்ணில் போனது. ஜூலையில் துணைத்தேர்வு. அதற்குள் தேறாவிட்டால் மண்வெட்டியைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

நான் மார்ச்சில்தான் ஊர் திரும்பியிருந்தேன். ஐந்து வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தவளுக்கு இந்த டவுன்ஷிப்பின் நேர்நேரான தெருக்களில் காலையும் மாலையும் நடப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சும்மா பிளாக்கு பிளாக்கா அளந்துட்டு இருக்கதுக்கு, சந்திராவுக்குக் கணக்கு சொல்லிக் குடேன். நான் சொல்லிப் பாத்தேன், எனக்குக் கோபம் வந்துருது. பாவம், அது பயந்துக்கிட்டு எல்லாத்துக்கும் சரி சார் சரி சாருன்னு சொல்லுது."

இப்படித்தான் எங்கள் சமையலறைத் தரை வகுப்பறையானது.

தேறினால் போதும் என்று நினைக்கிறவர்கள் வரைபடத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அதில் மதிப்பெண் அதிகம், மனப்பாடமும் வேண்டாம். சந்திராக்காவும் அதையே நம்பியிருந்தார். கோடு சுத்தமாக வரைவார், ஸ்கேல் வைத்தால் விரல் நடுங்காது. ஆனால் வரைந்தது எல்லாம் தப்பாகவே வந்தது. வரைபடத்தைக் கொடுத்து மதிப்பகமும் வீச்சகமும் கேட்டால் அதுவும் தப்பு.

ஒரு வளைகோட்டை வரைந்து காட்டினேன். இடப்பக்கம் மைனஸ் இரண்டில் தொடங்கி வலப்பக்கம் நான்கில் முடிகிறது. அடியில் மைனஸ் ஒன்று வரை இறங்குகிறது, உச்சியில் மூன்று வரை ஏறுகிறது.

"மதிப்பகம் சொல்லுங்கக்கா."

"மைனஸ் ஒண்ணுலேர்ந்து மூணு."

"வீச்சகம்?"

"மைனஸ் ரெண்டுலேர்ந்து நாலு."

"மாத்திச் சொல்றீங்க. மதிப்பகம்னா என்ன?"

"நாம எதக் குடுக்குறமோ அது. வீச்சகம்னா என்னா வருதோ அது." கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். ஒரு எழுத்துத் தப்பில்லை.

"அப்ப இதுல எதைக் குடுக்குறோம்?"

"மைனஸ் ஒண்ணுலேர்ந்து மூணு."

கிடைக்கோட்டைக் காட்டினேன், நிழலை வைத்து விளக்கினேன். உச்சி வெயிலில் இந்தக் கோட்டின் நிழல் தரையில் எங்கிருந்து எங்கே விழும், அதுதான் மதிப்பகம் என்றேன். "புரிஞ்சிடுச்சு பாப்பா" என்பார். அடுத்த படத்துக்கு மறுபடி அப்படியே தலைகீழாகச் சொல்வார். ஏப்ரல் முழுக்க இதுதான். சில நாள் என் விளக்கத்தின் நடுவிலேயே அவருடைய தலை டிரம்மில் சாய்ந்துவிடும். அம்மா சைகையால் என்னை நிறுத்தச் சொல்வாள். நானும் நோட்டை மூடிவிட்டுப் பின்வாசலில் போய் நிற்பேன். எனக்கும் அலுத்துவிட்டிருந்தது. இந்த அம்மாவுக்கு இது வராது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சொன்னதும் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஷிஃப்ட் பஸ்ஸில் கூட வரும் இளவேனில் என்கிற பெண் விடாமல் கிண்டல் செய்வதாகச் சந்திராக்கா சொல்வார்.

"பஸ்ஸுல ஏறுனா போதும் பாப்பா. 'என்னாக்கா, டென்த்து பொண்ணு, ரெண்டு ஜடை போட்டுகினு வரலியா'ன்றா. நான் சொன்னேன், ஜடை போட முடியெங்கடி இருக்குது, பாதிய பெல்ட்டுல குடுத்துட்டேன்னு."

மே மாதத்தில் ஒருநாள். அம்மா மிளகாய்த்தூள் டப்பாக்களை இறக்கிவிட்டு அலமாரித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பிளாக்கில் இன்ஸ்ட்ருமெண்ட் பிரிவுக்காரர்கள் வீடுகளில் அலமாரிக்கு விரிப்பது செய்தித்தாள் அல்ல, வேண்டாமென்று கழித்த ரெக்கார்டர் சுருள். தடித்த தாள், அகலம் தட்டுக்குச் சரியாக இருக்கும், எண்ணெய் ஊறாது. பச்சைக் கட்டங்களுக்கு நடுவே சிவப்புக் கோடு போகும். சின்ன வயதிலிருந்து அந்தக் கோட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான். தட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறி இறங்கிப் போகும் மலைத்தொடர் மாதிரி இருக்கும்.

சந்திராக்கா எழுந்து போய் அந்தத் தாளைப் பார்த்தார். பார்ப்பதற்குத் தலையைத் தோள்வரை சாய்த்தார்.

"இந்த எடத்துல டிரிப் ஆயி மெஷினு நின்னிருக்குதும்மா" என்றார். "சூடு சரசரன்னு எறங்கியிருக்குது பாருங்க."

"நல்லாப் படிச்சியே, என் மிளகாத்தூள் தட்டை" என்றாள் அம்மா. "பரீட்சையில இதக் கேட்டா முதல் மார்க்கு உனக்குத்தான்."

"ஏங்க்கா தலையைச் சாய்க்கிறீங்க?" என்றேன்.

"படுக்க வச்சிருக்கீங்களே பாப்பா. நிமித்திதான பாக்கணும்."

"எப்படி நிமித்தி?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தாளைத் தட்டிலிருந்து உருவிச் செங்குத்தாகத் தொங்கவிட்டார். "இப்பிடித்தான் பெட்டியிலேர்ந்து வரும். பேப்பரு மேலேர்ந்து கீழ எறங்கிகினே இருக்கும். பேனா இந்தாண்ட அந்தாண்ட ஆடும். நேரம் மேலகீழ. சூடு இடவலம்."

நான் நோட்டை எடுத்து அவருடைய பழைய விடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அத்தனையும் சரி. ரெக்கார்டர் பெட்டியின் முன்னால் நின்று பார்த்தால் அத்தனையும் சரி. கொடுப்பது மேலும் கீழும் போகிறது, வருவது பக்கவாட்டில் ஆடுகிறது. அவர் வரைந்த வரைபடங்களும் அப்படித்தான், எக்ஸ் அச்சை நிற்கவைத்து வரைந்திருந்தார். பத்து வருடம் தினமும் எட்டு மணி நேரம் அப்படித்தான் பார்த்திருக்கிறார். புத்தகம் வேறு மாதிரி இருக்கும் என்று அவருக்கு யார் சொன்னது?

ஏப்ரலில் நான் பின்வாசலில் நின்று சொல்லிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

தெரிந்துவிட்டால் திருத்துவது எளிது என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. முதலில் நோட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தோம். திருப்பினால் மைனஸ் எண்கள் பக்கம் மாறிக்கொண்டன. சந்திராக்கா இன்னும் குழம்பினார். "கண்ணு கேக்க மாட்டேங்குது பாப்பா. நிக்கிறதுதான் நேரம்னு அடம் புடிக்குது" என்றார்.

அன்று மாலை வேலையிலிருந்து வந்த அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் நின்று கேட்டார். "அட, ஆமா" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நானும் அந்த ரூமுலதான் இருக்கேன், எனக்குத் தோணலியே."

"உங்களுக்குத்தான் கோபம் முந்திக்கிருமே" என்றாள் அம்மா.

கடைசியில் வழியைச் சந்திராக்காவின் வாயிலிருந்துதான் பிடித்தேன். "மதிப்பகத்தை மறந்துருங்க. பேப்பர் எதுலேர்ந்து எது வரைக்கும் ஓடியிருக்கு?" என்று கேட்டேன். "வீச்சகத்தை மறந்துருங்க. பேனா எதுலேர்ந்து எது வரைக்கும் ஆடியிருக்கு?"

"இதுல பேப்பரு எந்தப் பக்கமா ஓடுது?"

"இடதுலேர்ந்து வலது. புஸ்தகத்துல எப்பவும் அப்படித்தான் ஓடும்."

"பெட்டியப் படுக்கப் போட்டுட்டாங்க" என்றார். அதன்பின் எந்த வரைபடத்தைக் கொடுத்தாலும் முதல் வேலையாகக் கிடைக்கோட்டின் அடியில் ஒரு சின்ன அம்பு போடுவார், காகிதம் ஓடும் திசை. பக்கத்தில் மேலும் கீழுமாக இன்னொரு அம்பு, பேனா ஆடும் திசை. அம்பு போட்டால் விடை சரியாக வரும். மறந்தால் பழையபடி மாறிவிடும். ஜூன் நடுவில்தான் மறக்காமல் போட ஆரம்பித்தார்.

அப்புறம் இன்னொரு சிக்கல் வந்தது. நடுவில் விட்டுப்போன ஒரு கோட்டை வரைந்தேன். பூஜ்யத்தில் தொடங்கி இரண்டுவரை வருகிறது, பிறகு ஒன்றும் இல்லை, மூன்றில் மறுபடி தொடங்கி ஐந்தில் முடிகிறது. சந்திராக்கா மதிப்பகம் பூஜ்யத்திலிருந்து ஐந்து என்று எழுதினார்.

"நடுவுல கோடு இல்லையேக்கா."

"பேனா காஞ்சிருக்கும்."

"இங்க பேனாவெல்லாம் இல்ல. கோடு இல்லேன்னா அந்த இடத்துல சார்பு இல்ல. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல எதையும் சேக்கக் கூடாது."

"அதெப்படி?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேனா காஞ்சா பாய்லர் நின்னுடுமா? பேப்பரு ஓடிகினுதான இருக்குது. உள்ள சூடு இருந்துகினுதான இருக்குது. எழுதலன்னா இல்லன்னு ஆயிடுமா?"

"கணக்குல அப்படித்தான்."

அவர் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சர்வீஸு எவ்ளோன்னு கேட்டா இப்ப இருக்குற காண்ட்ராக்டரு வந்ததுலேர்ந்துதான் எண்ணுறாங்க பாப்பா. பெல்ட்டுல இருந்த எட்டு வருசத்துக்குக் கோடு இல்ல. ஆனா வாரிக் கொட்டினது நான்தான?"

அம்மா வந்து அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

"சரி வுடு" என்றார் சந்திராக்கா. "பரீட்சைக்கு அப்பிடியே எழுதறேன். பேப்பர்ல மட்டும்."

பரீட்சையன்று வெயில் அடித்து நொறுக்கியது. அவர் எழுதிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி தரையில் சரிந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

"வரைபடம் போட்டேன். அம்பு போட்டுட்டுதான் ஆரம்பிச்சேன். பரீட்சை ரூமு சாரு வந்து, 'என்னம்மா, ராக்கெட்டா வுடுற'ன்னாரு. இப்பிடிப் போட்டாதான் சார் எனக்கு வரும்னேன். பக்கத்து பெஞ்சு பொண்ணு சிரிச்சுது, எம் பொண்ண வுட சின்னது."

"மதிப்பகம் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நடுவுல காலியா வுட்ட கோடு." தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னார். "கை போச்சு பாப்பா சேத்துப் போட. புடிச்சு நிறுத்திகினேன். காலி எடத்த வுட்டுட்டுதான் எழுதினேன். ஆனா எழுதி முடிச்சப்புறம் பேப்பரா பேனாவா, எத எதுக்கு எழுதினேன்னு சந்தேகம் வந்துடுச்சு. மணி அடிச்சிட்டாங்க."

முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காண்ட்ராக்டர் காத்திருக்கவில்லை. ரெக்கார்டர்களைக் கழற்றிவிட்டார்கள், பெட்டிகள் இருந்த ஓட்டைகளைத் தகடு வைத்து மூடிவிட்டார்கள் என்று அப்பா வந்து சொன்னார். சான்றிதழ் இல்லாதவர்களை அந்த வாரமே பெல்ட்டுக்கு அனுப்பினார்கள். "ரிசல்ட் வரட்டும், பாத்துக்கலாம்" என்றாராம் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர்.

சமையலறையில் இப்போது இருமல் சத்தம். டீ டம்ளரில் பழுப்பு விரல் ரேகை. சந்திராக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டார். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஓய்வெடுப்பார், இப்போது கண்ணைத் திறந்தபடியே எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். தோள்பட்டை இறங்கிவிட்டது. நான் நடக்கப் போவதைக்கூட நிறுத்திவிட்டேன். எங்கேயாவது கிளம்பிவிடலாம் என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன், முடிவு தெரிந்த பிறகு என்று மறுபடி உள்ளே தள்ளினேன்.

முடிவு வந்த காலையில் அவர் இரவு ஷிஃப்ட் முடித்து வந்திருந்தார். வாசலில் காலைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார், புருவத்தில் தூள் படிந்திருந்தது. என் போனில் அவருடைய பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் போட்டேன். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா கண்ணாடியைத் தேடினார். சந்திராக்கா எங்களைப் பார்க்காமல் அலமாரித் தட்டில் விரித்திருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணிதம், முப்பத்தெட்டு. தேர்ச்சி.

"பாஸ்க்கா."

"சரியாப் பாரு. வேற யாரோடதோ இருக்கப் போவுது."

போனை அவர் கையில் கொடுத்தேன். பேரைப் படித்தார், எண்ணைப் படித்தார், அப்பாவிடம் நீட்டினார். "சார், நீங்களும் ஒருவாட்டி பாத்துடுங்க." அப்பா பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அம்மா ஒரு சிட்டிகைச் சர்க்கரையை அவர் வாயில் போட்டாள். சந்திராக்கா அதை நாக்கிலேயே கரையவிட்டார். பிறகு தமிழ்மொழிக்குப் போன் போட்டு, "பாஸாயிட்டன்டி. இல்ல, அழல. தூள் ஒட்டிகினு இருக்குது, அதான் குரலு" என்றார்.

அப்பா சூப்பர்வைசருக்குத் தகவல் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசரே சந்திராக்காவின் போனுக்குக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சந்திராக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"சந்திராம்மா, சந்தோசம். புது ரூமுக்கு ஆள் வேணும். நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வந்துடுங்க. புது போஸ்ட்டுங்கறதால உங்க சர்வீஸ் நாளையிலேர்ந்து புதுசா ஆரம்பிக்குது, அது தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்ப நாளைக்கு."

"நாளைக்கு வரல சார். நாளான்னிக்கு வரேன்."

அப்பா என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் சந்திராக்கா யாரிடமும் வரவில்லை என்று சொல்லி தான் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார்.

"ஏம்மா, எடம் போயிடப் போவுது. ஒருநாள் விட்டுப் போச்சுன்னா..."

"போவாது சார். சார்ட்டிபிகேட் இருக்குதே."

போனை வைத்துவிட்டு அவர் டிரம்மிலிருந்து முதுகை எடுத்துத் தரையில் நீளமாகப் படுத்தார். தலைக்கு வைக்க நான் என் தலையணையைக் கொண்டுவந்தேன். தூள் ஒட்டும் என்று தள்ளிவிட்டுக் கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டார்.

"ஒரு நாளைக்குப் பேனா காஞ்சி கெடக்கட்டும் பாப்பா" என்றார் கண்ணை மூடியபடி. "பாய்லரு ஒண்ணும் நின்னுடாது."

அம்மா அடுப்பைச் சிம்மில் வைத்தாள். மிக்ஸி போடவில்லை. அன்று மதியம்வரை நாங்கள் மூவரும் அவரைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தோம்.